'ஜோஸு' என்று சொல்லும் முன்

ஜப்பானில் இறங்கிய வெளிநாட்டவர் ஒரு கடைக்குள் போய் 'கொன்னிச்சிவா' என்று சொன்னால் போதும். கல்லாவில் நிற்பவர் முகம் மலர்ந்து 'நிஹொங்கோ ஒஜோஸு தெஸ் நே' என்பார். ஜப்பானிய மொழி நன்றாகப் பேசுகிறீர்களே என்று பொருள். முதல் மாதம் இது இனிக்கும். இரண்டாம் வருஷம் உறுத்தத் தொடங்கும். ஒரே ஒரு வணக்கத்தில் இவர் அப்படி எதைக் கண்டார் என்று மனசு கேட்கும். ஜப்பானிய மொழி படிப்பவர்கள் நான்கு பேர் கூடினால் இந்தப் புலம்பல் வராமல் இருக்காது. அவர்களுக்குள் ஓர் அளவுகோலும் புழங்குகிறது. மொழி கைக்கு வர வர அந்தப் பாராட்டு குறையும். 'ஜப்பான் வந்து எத்தனை வருஷமாச்சு?' என்ற கேள்வி அந்த இடத்துக்கு வரும். கடைசியில் எதுவும் சொல்லாமல் நேரே விஷயத்துக்கு வந்துவிடுவார்கள். அந்த மௌனம்தான் தேர்ச்சிக்கு அடையாளம் என்கிறார்கள்.

இதை வைத்து, ஜப்பானியர்கள் உதட்டளவில் பேசுகிறவர்கள் என்று முடிவுகட்டுவதை என்னால் ஏற்க முடியவில்லை. கடைக்காரர் சொன்னது பாதிப் பாராட்டு, பாதி வரவேற்பு. மெனக்கெட்டு எங்கள் மொழியில் பேசினீர்களே என்ற மகிழ்ச்சி அதில் உண்மையாகவே இருக்கிறது. ஆனாலும் அது ஏன் உறுத்துகிறது என்ற கேள்வி நியாயமானது. அதற்கான விடை கடைக்காரரின் மனசில் இல்லை, 'ஜோஸு' என்ற சொல்லுக்குள் இருக்கிறது. அந்தச் சொல் எப்படி வேலை செய்கிறது என்று புரிந்துவிட்டால், ஜப்பானிய மொழியில் ஒருவரின் திறமையைப் பாராட்டுவது எப்படி என்பதும் பெரும்பாலும் புரிந்துவிடும். உச்சரிப்பைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். 'ஜோ'வை நன்றாக நீட்ட வேண்டும், 'ஸு'வைத் தொண்டை அதிரச் சொல்ல வேண்டும். நீட்டாமல் விட்டால் எதிரில் இருப்பவருக்குப் புரியாது.

மேல்கையும் கீழ்கையும்

ஜோஸு என்பதை எழுதும் இரண்டு சித்திர எழுத்துகளுக்கு 'மேல்', 'கை' என்று பொருள். திறமை இல்லை என்பதற்கான 'ஹெத்தா' கீழ் என்ற எழுத்தும் கை என்ற எழுத்தும் சேர்ந்தது. கைதேர்ந்தவர், கைவந்த கலை, கைப்பக்குவம் என்று பேசிப் பழகிய நமக்கு, திறமை கையில் இருக்கிறது என்பதில் வியப்பில்லை. கவனிக்க வேண்டியது அந்த மேலும் கீழும். அதே எழுத்துகளை 'உவாத்தே' என்று வாசித்தால் சுமோ மல்யுத்தத்தில் எதிராளியின் கைக்கு வெளியே போட்டுப் பிடிக்கும் மேற்பிடி. 'கமித்தே' என்று வாசித்தால் நாடக மேடையில் பார்வையாளருக்கு வலப்பக்கம். எடோ (டோக்கியோவின் பழைய பெயர்) காலத்து 'கோ' என்னும் பலகை ஆட்டத்தில் ஜோஸு என்பது ஒரு பதவியின் பெயராகவே இருந்தது. ஒன்பதாம் தரநிலை (ஜப்பானிய மொழியில் 'டான்') 'மெய்ஜின்', எட்டாம் தரநிலை 'ஜுன்-மெய்ஜின்', ஏழாம் தரநிலை 'ஜோஸு'. ஆக இது ஏணியில் ஒருவர் நிற்கும் படியைச் சுட்டும் சொல். இன்னார் எந்தப் படியில் நிற்கிறார் என்று யார் சொல்ல முடியும்? அதே படியிலோ மேலேயோ நிற்பவர்தான் சொல்ல முடியும்.

இதனால்தான் தன்னைப் பற்றிச் சொல்லும்போது இந்தச் சொல் வாயில் வராது. 'வத்தஷி வா ரியோரி கா ஜோஸு தெஸ்', அதாவது எனக்குச் சமையல் பிரமாதமாக வரும் என்று சொன்னால் இலக்கணத்தில் பிழையில்லை, கேட்பவருக்குத்தான் கூச்சமாக இருக்கும். அதற்கு 'தொக்குயி' என்று வேறு சொல் உண்டு. எனக்கு இது நன்றாக வரும், தைரியமாகச் செய்வேன் என்ற அளவில் நிற்கும். வராததைச் சொல்ல 'நிகத்தே'. எழுத்துப்படி 'கசப்புக் கை'. ஹெத்தா என்பது திறமை மேல் தீர்ப்பு. நிகத்தேயில் தீர்ப்பு இல்லை, எனக்கும் அதற்கும் ஒத்துவராது என்பதுதான் இருக்கிறது. கணக்கும் நிகத்தே ஆகலாம், கத்திரிக்காயும் ஆகலாம். ஆக, தனக்குத் தொக்குயி-நிகத்தே, பிறர்க்கு ஜோஸு. பிறரை ஹெத்தா என்று முகத்துக்கு நேரே சொல்வது சண்டைக்கு அழைப்பது.

'உமாய்' என்பது இதற்குப் பக்கத்து வீட்டுச் சொல். நண்பர்களுக்குள், பெரும்பாலும் ஆண்கள் வாயில் வருவது. ருசிக்கும் அதுதான், திறமைக்கும் அதுதான். எழுதும்போதுதான் எழுத்து மாறும். அறைக்கு வெளியே நின்று 'உமாய்!' என்ற குரலை மட்டும் கேட்டால், உள்ளே யாரோ பாடுகிறார்களா அல்லது நூடுல்ஸ் சாப்பிடுகிறார்களா என்று சொல்ல முடியாது. 'ஸுகோய்' இன்னும் பொது. அதன் பழைய பொருள் உடம்பு சிலிர்க்கும் அச்சம். நம் பிள்ளைகள் 'பயங்கரமா பாடறாடா' என்று சொல்வதில்லையா, அதே பாதையில் வந்த சொல். ஸுகோயில் ஒரு நன்மை உண்டு. அது படியை அளப்பதில்லை, கேட்டவர் அதிர்ந்துபோனதைச் சொல்கிறது. ஆனால் எதற்கெடுத்தாலும் சொல்லிச் சொல்லி அதன் விளிம்பு மழுங்கிவிட்டது.

ஓரெழுத்தில் கவிழும் பாராட்டு

சொல் சரியாக இருந்தும் பாராட்டு கவிழ்வது பெரும்பாலும் இடைச்சொல்லில்தான். ஒருவர் கையெழுத்தைப் பார்த்து 'ஜி கா ஜோஸு தெஸ் நே' என்றால் கையெழுத்து அழகு என்று பொருள். 'கா' இருந்த இடத்தில் 'வா' போட்டு 'ஜி வா ஜோஸு தெஸ் நே' என்றால், கையெழுத்து மட்டும் நன்றாக இருக்கிறது என்று கேட்கும். எழுதிய விஷயம் சகிக்கவில்லை என்பதை எதிராளி தானாகவே நிரப்பிக்கொள்வார். 'க்யோ வா' என்று தொடங்கி இன்றைக்கு நன்றாகப் பாடினீர்கள் என்றாலும் இதே கதை, நேற்றுவரை என்ன குறை என்றாகிவிடும். பரிகாரம் எளிது. 'க்யோ மொ' என்று சொன்னால் போதும். 'மொ' நம் உம்மையேதான், இன்றைக்கும் நன்றாக இருந்தது. உம்மையின் அருமை தெரிந்த தமிழர்களுக்கு இது உடனே பிடிபட வேண்டும். ஆனால் பாடப்புத்தகம் 'வா'வை முதல் பாடத்திலேயே எழுவாய்க்கு அடையாளம்போலக் கற்பித்துவிடுகிறது. அந்தப் பழக்கம் எளிதில் போவதில்லை.

அடைமொழிகளில் இரண்டு கண்ணிகள். 'நக்காநக்கா ஜோஸு' என்றால் அகராதியில் 'மிக நன்று' என்றிருக்கும். உண்மையில் அது 'பரவாயில்லையே!' இவ்வளவு வருமென்று எதிர்பார்க்கவில்லை என்ற பழைய கணக்கு அதில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. மாமனார் மருமகன் வைத்த ரசத்தைச் சொல்லலாம், மருமகன் திருப்பிச் சொல்லக்கூடாது. இரண்டாவது 'கெக்கோ'. 'கெக்கோ ஜோஸு' என்றாலும் இதே 'ஓரளவு நன்றாகத்தான்' என்ற தொனி. ஆனால் தேநீர்ச் சடங்கில், முதல் மிடறுக்குப் பின் தேநீரின் பதம் எப்படி என்று விருந்தளிப்பவர் கேட்கும்போது, விருந்தாளி தலைதாழ்த்திச் சொல்லும் 'கெக்கோ தெ கொஸாயிமஸு' உயர்ந்த பாராட்டு. அதையே உணவகத்தில் இன்னும் கொஞ்சம் வேண்டுமா என்று கேட்பவரிடம் 'கெக்கோ தெஸ்' என்றால், போதும், வேண்டாம். ஒரு சொல்லுக்கு மூன்று முகம். எந்த முகம் என்பதை இடமும் தொனியும் காட்டும்.

பாராட்டத் தெரியாதவர்களுக்கென்று 'ஸ ஷி ஸு ஸெ ஸோ' என்று ஐந்தெழுத்து வாய்ப்பாடு ஒன்று பிரபலம். சமையலில் எதை எந்த வரிசையில் சேர்ப்பது என்பதற்கு ஏற்கனவே இதே வாய்ப்பாடு உண்டு: சர்க்கரை, உப்பு, வினிகர், சோயா சாறு, மீஸோ என்ற சோயா விழுது. அதைப் பார்த்துச் செய்ததுதான் பாராட்டு வாய்ப்பாடு. ஸஸுகா (உங்களிடம் வேறென்ன எதிர்பார்க்க முடியும்), ஷிரனக்கத்தா (எனக்கு இது தெரியாமல் இருந்தது), ஸுகோய், ஸென்ஸு ஈ (நல்ல ரசனை), ஸோ நன் தெஸ் நே (ஓ, அப்படியா). வரிசையாக ஒப்பித்தால் எதிராளி கண்டுபிடித்துவிடுவார், அவருக்கும் அந்த வாய்ப்பாடு தெரியும். ஆனால் இரண்டாவதை மட்டும் எடுத்து வைத்துக்கொள்ளச் சொல்வேன். 'எனக்குத் தெரியாமல் இருந்தது' என்பதில் பாராட்டுகிறவர் ஒரு படி கீழே இறங்கி நிற்கிறார். மற்ற நான்கும் அதைச் செய்வதில்லை.

மேலதிகாரியிடம்

எல்லாக் கேள்வியும் கடைசியில் வந்து முட்டும் இடம் இது. பிரிவுத் தலைவர் வாடிக்கையாளர் முன் இருபது நிமிடம் பேசி முடித்திருக்கிறார். நன்றாகவே பேசினார். திரும்பும் வழியில் மின்தூக்கியில் அவரும் புதிதாகச் சேர்ந்தவரும் மட்டும். புதியவர் மனசாரச் சொல்கிறார்: 'கச்சோ, புரெஸென் ஒஜோஸு தெஸ் நே', தலைவரே, நன்றாகப் பேசினீர்கள். மரியாதைக்கு முன்னால் 'ஒ' போட்டாயிற்று, பின்னால் 'தெஸ்' போட்டாயிற்று. தலைவர் 'ஆ, அரிகத்தோ' என்கிறார். அதற்குப் பிறகு மின்தூக்கி கீழே வரும்வரை பேச்சில்லை.

பிழை எங்கே? ஜப்பானிய மொழியில் மூத்தவரை 'மெ-உஎ' என்பார்கள், கண்ணுக்கு மேலே இருப்பவர். கண்ணுக்கு மேலே இருப்பவருக்கு மதிப்பெண் போட முடியாது. மரியாதை விகுதிகளை எத்தனை அடுக்கினாலும் ஜோஸு மதிப்பெண்தான். தொடக்கப் பள்ளியில் ஆசிரியை நோட்டுப் புத்தகத்தில் குத்தும் செர்ரிப்பூ முத்திரை ஒன்று உண்டு. பூவின் நடுவே 'நன்றாகச் செய்தாய்' என்றிருக்கும். புதியவர் அந்த முத்திரையைத் தலைவர் நெற்றியில் குத்திவிட்டார். இன்னொரு ஆபத்தும் உண்டு. 'ஒஜோஸு தெஸ் நே' என்பது முகத்துதி செய்பவரைப் பார்த்து 'நல்லா ஐஸ் வைக்கறீங்க' என்று சொல்லவும் பயன்படும். அதே வரிசையில் 'கன்ஷின் ஷிமஷித்தா'வும் வரும். வியந்தேன் என்று அகராதி சொல்லும், ஆனால் அது பெரியவர் சிறியவரை மெச்சும் சொல். மூத்தவரிடம் அதே உணர்ச்சிக்கு 'கன்புகு' அல்லது 'கன்மெய் ஓ உகெமஷித்தா'. மூத்தவரின் உழைப்புக்கு 'கொகுரோஸமா'வும் ஆகாது, 'ஒத்ஸுகாரெஸமா'தான்.

என்ன சொல்லியிருக்கலாம் என்று பார்த்தால், எல்லா நல்ல வழிகளும் ஒரே திசையில் திரும்புகின்றன. அவரைப் பற்றிய வாக்கியத்தை என்னைப் பற்றிய வாக்கியமாக மாற்றிவிடுவது. 'தைஹென் பெங்க்யோ நி நரிமஷித்தா', நிறையக் கற்றுக்கொண்டேன். ஆசிரியரிடமும் இதுதான், 'கற்பிக்கும் முறை நன்று' என்பதல்ல. 'வக்காரியஸுக்கத்தா தெஸ்', எனக்குச் சுலபமாகப் புரிந்தது. இன்னும் ஒரு படி மேலே போக வேண்டுமானால் குறிப்பான ஓர் இடத்தைத் தொட வேண்டும்: 'செலவுக் கணக்கை முதலிலேயே எடுத்து வைத்தீர்களே, அங்கே நருஹொதோ தொ ஒமொஇமஷித்தா', அதாவது 'அடடா, அதுதான் சரி' என்று எனக்குப் பட்டது. எந்த இடம் என்று சொல்லிவிட்டாலே கவனித்துக் கேட்டது தெரிந்துவிடும், 'மிக' 'மிகமிக' எதுவும் தேவைப்படாது. இன்னொரு வழி கேள்வி. வாடிக்கையாளர் கேட்கப்போவதற்கு எப்படித் தயார் செய்கிறீர்கள் என்று கேட்டால், தலைவர் கீழ்த்தளம் வரும்வரை பேசுவார். 'ஸஸுகா' சொல்லலாம், ஆனால் அவருடைய பழைய வேலையைப் பார்த்தவர் சொன்னால்தான் பொருந்தும். சேர்ந்து இரண்டு வாரம் ஆனவர் சொன்னால் உதட்டோடு நின்றுவிடும்.

இந்தத் திருப்பத்துக்கு இலக்கணமே கதவு திறந்து வைத்திருக்கிறது. 'சொல்லித் தந்தீர்கள்' என்பதை ஜப்பானிய மொழியில் 'ஒஷியெத்தெ இத்ததாகிமஷித்தா' என்று பெறுபவர் பக்கமிருந்து சொல்வார்கள், சொல்லித்தரப் பெற்றேன். இத்ததாகு என்ற வினையின் அடிப்பொருள் தலைக்கு மேல் தூக்கிப் பிடிப்பது. கொடுத்ததை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறோமே, அந்தச் செய்கையே வினைச்சொல்லாகிவிட்டது. கொடுப்பவர் யார், வாங்குபவர் யார் என்பதைப் பொறுத்து வினையே மாறும் என்று முதலில் கேட்கும்போது தமிழ் மாணவர்கள் திகைப்பார்கள். திகைக்கத் தேவையில்லை. ஈ என்பது தாழ்ந்தவன் கேட்பது, தா என்பது நிகரானவன் கேட்பது, கொடு என்பது உயர்ந்தவன் கேட்பது என்று தொல்காப்பியம் வகுத்து வைத்திருக்கிறது. நாம் கைவிட்ட ஒன்றை அவர்கள் தினமும் புழங்குகிறார்கள்.

ஒரு சிறு நடைமுறை: பாராட்டை அன்றே ஒரு முறை சொல்லி நிறுத்த வேண்டும். மறுநாள் பார்க்கும்போது 'நேற்று நன்றி' என்று ஒரு வரி போதும். அளவு மீறிப் புகழ்ந்து ஆளைக் கெடுப்பதற்கு 'ஹொமெகொரொஷி', பாராட்டியே கொல்வது, என்று ஒரு சொல்லே வைத்திருக்கிறார்கள்.

கைவேலைக்காரரிடம்

தச்சர், சமையற்காரர், மருத்துவர் போன்றவர்களின் திறமைக்கு 'உதே' என்ற சொல். உதே என்றால் கை, தோளிலிருந்து மணிக்கட்டு வரை. 'உதே கா ஈ' என்றால் கைதேர்ந்தவர். இதை மூன்றாம் மனிதரிடம் சொல்வது நல்லது, அந்த மருத்துவர் உதே கா ஈ, அவரிடம் போங்கள் என்று. நேருக்கு நேர் 'உதே ஓ அகெமஷித்தா நே', கை முன்னேறிவிட்டதே என்றால், குரு சீடனிடம் பேசுவதாகிவிடும். பொழுதுபோக்காகச் செய்பவருக்கு 'குரோத்தோ ஹதஷி' என்ற அழகான சொல் உண்டு. தொழில்காரரே வெறுங்காலோடு ஓடிவிடுவார் என்று பொருள். இதைத் தொழில்காரரிடமே சொன்னால் அவமானம். 'அஜி கா அரு', ஒரு ருசி இருக்கிறது என்பதையும் கவனமாகக் கையாள வேண்டும். கோணல்மாணலான கையெழுத்தை நோகாமல் தாண்டிப் போகவும் அதையே சொல்வார்கள்.

ஸுஷிக் கடையில் மரப்பலகைக்கு எதிரே உட்கார்ந்திருப்பவர் சமையற்காரரிடம் 'ஜோஸு' என்று சொல்லவே கூடாது. 'ஒயிஷீ தெஸ்', ருசியாக இருக்கிறது, என்றால் போதும். எழும்போது 'கொச்சிஸோஸமா தெஷித்தா', விருந்துக்கு நன்றி. அதற்கும் மேலே பாராட்ட விரும்பினால் கொஹதாவைப் பற்றி ஒரு கேள்வி கேட்கலாம். கொஹதா வெள்ளியாக மினுங்கும் சின்ன மீன். உப்பில் வைத்து, கழுவி, பிறகு வினிகரில் ஊறவைப்பார்கள். மீனின் அளவையும் கொழுப்பையும் அன்றைய வெப்பத்தையும் பார்த்து நேரத்தைக் கூட்டிக் குறைக்க வேண்டும். கொஞ்சம் குறைந்தால் மீன்வாடை நிற்கும், கொஞ்சம் கூடினால் சதை வெளிறி இறுகும். கடையின் தரத்தைக் கொஹதாவில் பார் என்று எடோ பாணி ஸுஷியில் சொல்வது அதனால்தான். 'இன்றைய கொஹதாவுக்கு உப்பு எவ்வளவு நேரம்?' என்ற கேள்வி, எங்கே உழைப்பு போயிருக்கிறது என்று நாக்குக்குத் தெரிந்துவிட்டதைச் சொல்லிவிடும்.

பதில்

பாராட்டு நம் பக்கம் வந்தால் 'இஇயெ' (இல்லை) என்று வெட்டினாற்போல மறுப்பது முரடாகக் கேட்கும். 'இயெ இயெ, மதா மதா தெஸ்', இன்னும் போக வேண்டிய தூரம் நிறைய, என்பது எங்கும் செல்லும். 'தொந்தெமோ கொஸாயிமஸென்', அப்படியெல்லாம் இல்லை, என்பது இலக்கணப்படி தவறு என்று திருத்துகிறவர்கள் உண்டு. 2007-இல் ஜப்பானியப் பண்பாட்டு அவை வெளியிட்ட மரியாதை மொழி வழிகாட்டி, பாராட்டை மென்மையாக மறுக்க அதைச் சொல்வதில் தவறில்லை என்று சொல்லிவிட்டது. எனக்கு எல்லாவற்றையும் விடப் பிடித்தது, நன்றி சொல்லிப் பேச்சை நீட்டுவது: 'அரிகத்தோ கொஸாயிமஸு, ஆனால் மரியாதை மொழிதான் இன்னும் தடுமாறுகிறது.' கல்லாக்காரரின் 'ஒஜோஸு'வுக்கும் இதுவே சரியான பதில். அவர் திறந்த கதவு மூடாமல் இருக்கும். பொழுதுபோக்கைப் பாராட்டினால் 'ஹெத்தா நோ யொகொஸுகி', வராவிட்டாலும் ஆசை விடவில்லை, என்று சொல்லிக்கொள்வார்கள். இதைத் தன்னைப் பற்றி மட்டுமே சொல்லலாம்.

பெயர் சொல்லி

தீர்ப்புச் சொல் எதுவுமே இல்லாத பாராட்டைக் கேட்க வேண்டுமென்றால் டோக்கியோ கின்ஸாவில் இருக்கும், கபுகி என்ற மரபு நாடகம் நடக்கும் அரங்குக்குப் போக வேண்டும். நடிகர் அசையாமல் விழி உருட்டி நிற்கும் கணத்தில், மேல்மாடிப் பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வெடிக்கும்: 'நரிதயா!' டன்ஜூரோ பரம்பரையின் குலப்பெயர் அது. கிகுகொரோ பரம்பரை என்றால் 'ஒதொவயா!' சில சமயம் எத்தனையாவது தலைமுறை என்பதை மட்டும் கூவுவார்கள். இந்தக் குரல்காரர்களுக்கு 'ஓமுகோ' என்று பெயர். அரை நொடி முந்தினாலும் பிந்தினாலும் காட்சி குலைந்துவிடும், அதனால் நாடகத்தை நெட்டுருவாகத் தெரிந்தவர்கள்தான் குரல் கொடுப்பார்கள். புகழ்பெற்ற வசனம் தொடங்கும் முன்பே 'மத்தெமஷித்தா!', இதற்குத்தான் காத்திருந்தோம், என்று கூவுவதும் உண்டு. இன்னும் செய்யாத வேலைக்கு முன்கூட்டியே கிடைக்கும் பாராட்டு. யாரும் ஜோஸு என்று கூவுவதில்லை.

வாணவேடிக்கைக்கும் இதே வழக்கம்தான். எடோவில் ரியோகொகு பாலத்தருகே இரண்டு பட்டறைகள் போட்டி போட்டு வெடி விட்டன. ஒன்று கஃகியா. மற்றது அதிலிருந்து 1808-இல் பிரிந்து வந்த தமாயா. வானில் பூ விரியும்போது கூட்டம் பிடித்த பட்டறையின் பெயரைக் கூவும். 1843-இல் தமாயாவில் தீப்பிடித்து அக்கம்பக்கமும் எரிந்தது. பட்டறைக்காரர் எடோவிலிருந்து விரட்டப்பட்டார், பட்டறையும் அதோடு போயிற்று. கஃகியா இன்றைக்கும் தொழிலில் இருக்கிறது. ஜூலை மாதக் கடைசிச் சனிக்கிழமை ஸுமிதா ஆற்றங்கரையில் வெடி ஒன்று மேலே போய் விரிந்ததும், யார் விட்டது என்று பார்க்காமல் கூட்டம் முதலில் கூவுவது 'தமாயா'தான்.